புகைப்படத்தைப் பார்த்து ஆர்டருக்கு வரையும் பாஸ்டல் உருவப்படம்: முழுமையான வழிகாட்டி

ஒருவரை எதிரில் அமரவைத்து வரைவதற்கும், பிறர் கொடுத்த புகைப்படத்தைப் பார்த்து அவரை வரைவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பின்னதில், ஓவியர் அந்த முகத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார். படத்தை வாங்குபவரோ அதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியிருப்பார். புகைப்படத்தை இம்மியும் பிசகாமல் வரைந்து கொடுத்தாலும் "ஏதோ அவர் மாதிரி இல்லையே" என்று வாடிக்கையாளர் சொல்லக்கூடும், ஏனெனில் அவர் படத்தைத் தம் நினைவில் உள்ள முகத்தோடு ஒப்பிடுகிறார். ஆகவே, கையில் உள்ள புகைப்படம் எதைச் சரியாகச் சொல்கிறது, எதைத் திரித்துச் சொல்கிறது, எதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது என்று பிரித்தறிவது இவ்வேலையில் பாதி. முகம் வரையத் தெரிந்தவர், சாஃப்ட் பாஸ்டல் குச்சிகளை ஓரளவு கையாண்டவர் என்று கருதியே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. எண்ணெயும் மெழுகும் சேர்ந்த ஆயில் பாஸ்டல் வேறு பொருள். இங்குள்ள முறைகள் அதற்குப் பொருந்தா.

ஒப்புக்கொள்வதற்கு முன்: புகைப்படத்தை ஆராய்தல்

வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு படத்தை வாங்கிக்கொண்டு தொடங்கக் கூடாது. அவரிடம் உள்ள எல்லாப் படங்களையும், மங்கலானவற்றையும் சேர்த்து, கேளுங்கள். கைப்பேசிச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் கண்ணிமை, உதட்டோரம் போன்ற நுண்மைகள் அழிந்துவிடும். எனவே மூலக் கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அச்சுப்படமாக இருந்தால் அதைக் கைப்பேசியால் படமெடுத்து அனுப்புவதைவிட ஸ்கேன் செய்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, படம் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை. கை நீட்டும் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு கேமராவுக்கு மிக அருகிலும் காதுகள் ஒப்பீட்டளவில் வெகு தொலைவிலும் இருப்பதால், மூக்கு பெருத்து, முகம் ஒடுங்கி, காதுகள் பின்னே மறைந்து தெரியும். இது லென்ஸின் குற்றம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தொலைவே காரணம். ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்று எடுத்த படத்தில்தான், நாம் ஒருவரோடு பேசும்போது காணும் விகிதங்கள் கிடைக்கும். தற்படம் மட்டுமே உள்ளதென்றால், மூக்கைச் சற்றுக் குறைத்து, தாடையோரத்தையும் காதுகளையும் சற்று வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைத் தள்ளி நின்று எடுத்த வேறொரு படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முன்பக்கக் கேமராக்கள் சில சமயம் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. தலை வகிடு, மச்சம், சட்டைப் பொத்தான் உள்ள பக்கம் ஆகியவற்றை மற்றப் படங்களோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். இதைக் கவனிக்காமல் வரைந்தால், குடும்பத்தார் பிழை எங்கே என்று சொல்லத் தெரியாமலே படத்தை மறுத்துவிடுவார்கள்.

அடுத்தது வெளிச்சம். கேமராவோடு ஒட்டிய ஃபிளாஷ் முகத்தின் மேடு பள்ளங்களைத் தட்டையாக்கி, நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டுகளை விட்டுச்செல்லும். அதை நம்பி வரைந்த முகத்துக்குக் கனபரிமாணமே இராது. ஜன்னலோரம், வீட்டு நிழல், மேகமூட்டமான பகல் ஆகியவற்றில், ஒரு பக்கம் சற்று இருண்டு எடுத்த படமே நல்ல மாதிரி. அதிலும்கூடக் கேமரா நிழலைக் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருப்பாகவும் வெளிச்சத்தை வெளுப்பாகவும் காட்டும் பழக்கமுடையது. படத்தின் வெளிச்ச அளவைக் கணினியில் கூட்டியும் குறைத்தும் இரண்டு கூடுதல் பிரதிகளை எடுத்துக்கொண்டால், ஒன்றில் நிழலுக்குள் இருக்கும் உருவமும் மற்றொன்றில் வெளிச்சத்துக்குள் இருக்கும் தோல் நிறமும் ஓரளவு மீளும்.

இரண்டு மூன்று படங்களிலிருந்து ஒரு முகத்தை உருவாக்க வேண்டி வந்தால், தலையின் சாய்வு, ஒளி வரும் திசை, அகவை மூன்றும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். சிரிக்கும் வாயை ஒரு படத்திலிருந்தும் சிரிக்காத கண்களை வேறொரு படத்திலிருந்தும் எடுத்து ஒட்டுவது கூடவே கூடாது; சிரிப்பு வாயில் மட்டும் நிகழ்வதில்லை, கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளுகிறது. ஒரு படத்தை உருவத்துக்கும் மற்றொன்றை நிறத்துக்கும் மாதிரியாகக் கொள்வது பாதுகாப்பான வழி.

மறைந்தவர்களின் படத்தைக் கேட்டு வருபவர்கள் இத்துறையில் மிகுதி. பழைய வண்ண அச்சுகளில் உள்ள சாயங்கள் வெவ்வேறு வேகத்தில் மங்குவதால் படம் சிவப்பேறியோ மஞ்சளேறியோ இருக்கும். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத் தகவலே இல்லை. அவருடைய உடன்பிறந்தாரோ மக்களோ தோல் நிறத்தில் ஒத்தவர்களா என்று கேட்டு, அவர்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்வது நல்ல வழி. அவர் எப்படிப் பேசுவார், வழக்கமாகத் தலையைச் சாய்த்து வைத்திருப்பாரா, எந்தப் படத்தில் அவர் அவராகவே இருப்பதாகக் குடும்பத்தார் கருதுகிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் தொழில்நுட்ப ரீதியில் மோசமான படமாகவே இருக்கும். அந்த முகபாவத்தையே நோக்கமாகக் கொண்டு, தெளிவான படங்களை அதற்குத் துணையாக்குவதே சரியானது. எந்தப் படமும் உதவாதென்றால் வேலையை மறுத்துவிடுங்கள். அஞ்சல்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி வரைவது ஊகத்தைப் பெரிதாக்குவதே.

ஸ்டூடியோவில் எடுத்த படமென்றால், பல நாடுகளின் சட்டப்படி அதன் பதிப்புரிமை எடுத்தவரிடம் இருக்கக்கூடும். அவருடைய அனுமதியை எழுத்தில் பெற்றுத் தரும்படி வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும்.

எழுத்தில் வைக்க வேண்டியவை

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். படத்தின் அளவு, தலைகளின் எண்ணிக்கை, தோள்வரையா இடுப்புவரையா, பின்னணி, முடிக்கும் நாள், மொத்தத் தொகை, முன்பணம், படச்சட்டச் செலவும் அனுப்பும் செலவும் யாருடையவை, படத்தை நீங்கள் வெளியில் காட்டலாமா ஆகியவை அதில் இருக்க வேண்டும். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வாங்குவது நியாயமானது. திருத்தம் கேட்கும் கட்டங்கள் இரண்டு மட்டுமே என்பதையும் குறிப்பிடுங்கள்: கோட்டுருவம் முடிந்ததும் ஒன்று, படம் ஏறக்குறைய முடிந்ததும் மற்றொன்று. முதல் கட்டத்தில் ஒப்புக்கொண்ட தோற்றநிலையைக் கடைசியில் மாற்றச் சொன்னால் அது புதிய வேலை.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்தவரின் தலை உச்சியிலிருந்து மோவாய் வரை ஏறக்குறைய 22 அல்லது 23 செ.மீ. இருக்கும். சுவரில் தொங்கும் படத்தில் தலை இதைவிடச் சற்றுச் சிறியதாக, 15 முதல் 19 செ.மீ. வரை இருப்பதே பார்வைக்கு இயல்பு. 40 × 50 செ.மீ. தாளில் தோள்வரை வரைந்தால் இந்த அளவு அமையும். இயல்பளவை மீறிய முகம் அறையில் உறுத்தும். மறுபக்கம், 8 செ.மீ.க்கும் சிறிய தலையில் கண் முழுவதும் பாஸ்டல் குச்சியின் முனையைவிடச் சிறியதாகிவிடும். சிறிய தாளில் ஐந்து பேர் கொண்ட குடும்பப் படத்தைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்பவர் தம்மைத் தாமே வருத்திக்கொள்கிறார்.

தாளும் குச்சிகளும்

பாஸ்டல் என்பது நிறமித் தூளை மிகக் குறைந்த பசையோடு பிசைந்து உலர்த்திய குச்சி. அது ஒட்டி நிற்பதற்குத் தாளின் சொரசொரப்பே ஆதாரம். எத்தனை அடுக்குகள் போடலாம் என்பதையும் அச்சொரசொரப்பே முடிவு செய்கிறது. கான்சன் மி-தாந்த் தாள் சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையில் எளிதில் கிடைப்பது. அதன் ஒரு பக்கத்தில் தேனடை போன்ற பதிவு இருக்கும், அது முகத்தின் ஊடாகத் தெரிந்து தொல்லை தரும் என்பதால் மறுபக்கத்தைப் பயன்படுத்துவது மேல். ஆனால் நான்கைந்து அடுக்குகளுக்குப் பின் அது நிரம்பிவிடும். ஆர்டர் வேலையில் திருத்தம் தவிர்க்க முடியாதது என்பதால், பாஸ்டல்மேட் போன்ற கனத்த தாளையோ, யூஆர்ட் போன்ற மணற்பூச்சுத் தாளில் சொரசொரப்பு எண் 400 அல்லது 500 உள்ளதையோ பரிந்துரைப்பேன். விலை கூடுதல்தான், ஒரு வாயை மூன்று முறை அழித்துத் திரும்ப வரையும்போது அந்த விலை நியாயமாகிவிடும்.

தாளின் நிறம் வெள்ளையாக இருக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் முதலில் இடும் எந்த நிறமும் கருப்பாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். நடுத்தர அடர்த்தியுள்ள சாம்பல், மங்கிய பச்சை, மண் நிறம் ஆகியவை நல்லவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பாஸ்டல் உருவப்படங்களுக்கு ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்ற வெனிஸ் ஓவியர் ரொசால்பா கரியேரா (1673–1757) நீலத் தாளில் நிறைய வரைந்தார். தோலின் இளஞ்சூட்டு நிறங்களுக்கு இடையே கசியும் அக்குளிர்நிறம் அரைநிழல்களுக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

குச்சிகளில் கடினமானவை முதலில், மென்மையானவை கடைசியில் என்பதே ஒழுங்கு. மென்குச்சி தாளின் சொரசொரப்பை உடனே நிரப்பிவிடும். அதன்மேல் கடினக் குச்சி வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபேபர்-காஸ்டெல் பாலிக்ரோமோஸ் போன்ற கடினக் குச்சிகளில் தொடங்கி, ரெம்பிரான்ட் போன்ற நடுத்தரத்துக்கு வந்து, செனலியே, ஷ்மிங்கே போன்ற மிக மென்மையானவற்றை இறுதி வெளிச்சங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நுண்பகுதிகளுக்குப் பாஸ்டல் பென்சில்கள் சில தேவை. 'உருவப்படத் தொகுப்பு' என்ற பெயரில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் இளஞ்சிவப்பும் வெளிர் ஆரஞ்சும் நிரம்பியிருக்கும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் தேவையான அடர்பழுப்பு, செங்கருமை, அடர்ஊதா, அடர்பச்சை ஆகியவற்றைத் தனிக் குச்சிகளாக வாங்கிச் சேர்க்க வேண்டும். குச்சியின் ஒளித்தாங்கு தரக்குறியீட்டையும் பாருங்கள். சில பளிச்சென்ற இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும் ஒளியில் வெளுப்பவை, விற்கும் படத்தில் அவற்றுக்கு இடமில்லை.

தூசியைப் பற்றி ஒரு சொல். தாளைச் செங்குத்தாகவோ சற்று முன்சாய்வாகவோ நிறுத்தினால் உதிர்வது முகத்தின்மேல் படியாமல் கீழே விழும். வாயால் ஊதுவது தூளை மூச்சுக்குள் அனுப்பும். பலகையின் பின்புறம் தட்டினால் போதும். சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் போன்றவை உள்ளன. தூசி முகமூடி அணிந்து, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள்.

கோட்டுருவம்

பெரிய தாளைத் தொடும் முன் உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று சிறு வரைவுகள் போட்டு, தலை எங்கே அமரும், இருள் எங்கே திரளும் என்று முடிவு செய்யுங்கள். பிரெஞ்சுப் பாஸ்டல் ஓவியர் மோரிஸ் கான்தன் த லா தூர் (1704–1788) முகங்களை மட்டும் தனித்தாளில் ஆய்வு வரைவுகளாக வரைந்து வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். 1755இல் காட்சிக்கு வைக்கப்பட்டு இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியான பொம்பதூர் சீமாட்டியை அவர் வரைந்த மாபெரும் படத்தில், முகம் தனித்தாளில் வரையப்பட்டுப் பின்னர்ப் பெரிய படத்தோடு பொருத்தப்பட்டது. முகத்துக்கென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கவனம் இன்றும் தேவை.

கட்டங்கள் போட்டோ, பிரதியெடுத்தோ, புரொஜெக்டர் வைத்தோ உருவத்தை மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் பிரதியெடுப்பது புகைப்படத்தின் திரிபுகளையும் சேர்த்துப் பிரதியெடுக்கும். எனவே உச்சி, மோவாய், கண்முனைகள், மூக்கடி, உதட்டு நடுக்கோடு, காதின் மேலும் கீழும் ஆகிய புள்ளிகளை மட்டும் மாற்றிக்கொண்டு, மற்றவற்றைக் கண்ணால் பார்த்து வரையுங்கள். எழுதப் பயன்படும் சாதாரண கிராஃபைட் பென்சில் வேண்டாம். அதன் வழுவழுப்பின்மேல் பாஸ்டல் ஒட்டாது, கோடும் பளபளத்துக்கொண்டு நிற்கும். செம்பழுப்புப் பாஸ்டல் பென்சிலே பொருத்தமானது.

சாயல் என்பது கண், மூக்கு, வாய் ஆகிய உறுப்புகளின் அழகைவிட அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவுகளில் இருக்கிறது. இரு கண்களின் இடைவெளி, மூக்கடியிலிருந்து மேலுதடு வரையுள்ள நீளம், கீழுதட்டிலிருந்து மோவாய் வரையுள்ள நீளம் ஆகிய மூன்றையும் திரும்பத் திரும்ப அளந்து பாருங்கள். இரு பக்கமும் ஒத்த முகம் யாருக்கும் கிடையாது. ஒரு புருவம் ஏறியும் ஒரு உதட்டோரம் இறங்கியும் இருப்பதைச் சீர்செய்தால் சாயல் போய்விடும். தாளையும் புகைப்படத்தையும் தலைகீழாக வைத்து ஒப்பிட்டு, கண்ணாடியிலும் பார்த்த பிறகே கோட்டுருவத்தை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும்.

அடுக்கு அடுக்காக வண்ணம்

புகைப்படத்தின் கருப்பு வெள்ளைப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கண்களைச் சுருக்கிப் பார்த்து, முகத்தை இருள், அரைநிழல், வெளிச்சம் என்று மூன்று பெரிய பரப்புகளாகப் பிரியுங்கள். இருண்ட பரப்பை முதலில் கடினக் குச்சியின் பக்கவாட்டால் மெல்லியதாக நிரப்ப வேண்டும். பின்னணியையும் இதே கட்டத்தில் தொடங்குவது அவசியம், ஏனெனில் கன்னத்தின் ஓரம் எவ்வளவு வெளிச்சமானது என்பதை அதற்குப் பின்னால் உள்ளதே தீர்மானிக்கிறது. முகத்தை முடித்துவிட்டுக் கடைசியில் பின்னணியைப் பூசினால், வெட்டி ஒட்டியது போன்ற ஓரங்கள்தாம் மிஞ்சும்.

கருப்புக் குச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுவது நல்லது. புகைப்படம் கருப்பாகக் காட்டும் நிழலில் உண்மையில் செம்பழுப்பும் ஊதாவும் அடர்பச்சையும் இருக்கும். கழுத்தடி நிழலில் உடையின் நிறம் எதிரொளிக்கும். தோலின் நிறம் முகமெங்கும் ஒன்றல்ல. நெற்றி சற்று மஞ்சள் சார்ந்தும், இரத்த ஓட்டம் மிகுந்த கன்னம், மூக்கு நுனி, காது ஆகியவை சிவப்புச் சார்ந்தும், வாயைச் சுற்றியும் தாடையிலும், குறிப்பாக மழித்த ஆண் முகத்தில், நீலப் பச்சைச் சாயலோடும் இருக்கும். கருநிறத் தோலில் இவ்வேறுபாடுகள் இன்னும் நுட்பமானவை. அங்கே வெளிச்சத் திட்டுகள் கூர்மையாகத் தெரியும், அவை ஒளியின் நிறத்தையே பிரதிபலிக்கும். பகல் வானொளியில் நெற்றியின் மினுப்பு நீலம் கலந்த சாம்பலாக இருப்பதைக் கவனித்து வரைந்தால் தோல் உயிர்பெறும். அதை வெள்ளை கலந்த பழுப்பால் காட்ட முயன்றால் முகத்தில் திருநீறு பூசினாற்போல ஆகிவிடும். புகைப்படத்தின் வெளுத்த திட்டுகளையும் கேமராவின் மஞ்சள் சாயலையும் நம்பாமல், அந்த நிறத் தோலுடைய ஒருவரை அதே வகை ஒளியில் நேரில் பார்த்துக்கொள்வதற்கு ஈடு எதுவும் இல்லை.

விரலால் தேய்ப்பதில் ஓர் ஈர்ப்பு உண்டு, ஏனெனில் உடனடியாக வழுவழுப்புக் கிடைக்கிறது. தொடக்க அடுக்கில் தேய்க்கலாம். பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தால் நிறமி தாளின் குழிகளுக்குள் அழுந்தி, பாஸ்டலுக்கே உரிய ஒளிர்வு மங்கி, முகம் மெழுகு பொம்மையாகிவிடும். ஒரு நிறத்தின்மேல் அதே அடர்த்தியுள்ள வேறு நிறத்தை அழுத்தாமல் இழுத்துவிடுவதே சிறந்த கலப்பு. வெளிச்சத்தின் உச்சத்தை இறுதிவரை தள்ளிவையுங்கள்.

கண்ணில் வெண்விழி வெள்ளையல்ல. உருண்டை என்பதால் ஓரங்களில் இருண்டு, மேலிமையின் நிழல் விழுந்து, சாம்பல் நிறத்திலேயே இருக்கும். கீழிமைக்குத் தடிப்பு உண்டு, அங்கே ஒரு மெல்லிய ஈர வெளிச்சம் தெரியும். கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளி ஃபிளாஷால் வந்ததென்றால் நடுவில் இருக்கும். முகத்தின் ஒளி எந்தப் பக்கமிருந்து வருவதாக வரைகிறீர்களோ அப்பக்கத்துக்கு அதை நகர்த்துங்கள். மூக்குத் துவாரத்தைக் கரும்புள்ளியாக்காமல் செம்பழுப்பாக விடலாம். வாய்தான் மிகக் கடினம். உதட்டின் வெளிக்கோட்டைவிட இரண்டு உதடுகளும் சேரும் நடுக்கோடே முகபாவத்தைச் சொல்கிறது. அது சில இடங்களில் அழுத்தமாகவும் சில இடங்களில் மறைந்தும் செல்லும். உதட்டோரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் மனநிலையே மாறிவிடும். பற்கள் தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே கோடு போடாமல், ஒரே வெளிர்ப் பரப்பாக நிரப்பி, ஓரங்களை நிழலுக்குள் இறக்கிவிடுங்கள்.

கூந்தலை முதலில் இருள்திரளாகவும் வெளிச்சத்திரளாகவும் அமைத்து, நெற்றியோடு சேரும் இடத்தை மென்மையாக்கிய பின், இழைகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டும் சேர்த்தால் போதும். மூக்குக்கண்ணாடி இருந்தால், கிட்டப்பார்வைக்கான கண்ணாடியின் வழியே கன்னத்தோரம் உள்ளே விலகித் தெரிவதை அப்படியே வரையுங்கள், அது பிழையன்று. உடையும் நகைகளும் முகத்தைவிடத் தெளிவாக இருக்கக் கூடாது. புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் காட்டுகிறது, படம் அப்படிக் காட்ட வேண்டியதில்லை.

திருத்தமும் ஒப்புதலும்

தவறிய இடத்தின்மேல் மேலும் பூசாமல், விறைப்பான தூரிகையால் தூளைத் துடைத்து உதிர்த்து, பிசைந்து உருட்டும் அழிப்பானால் ஒற்றியெடுத்த பிறகு மீண்டும் வரையுங்கள். முடிந்ததாகத் தோன்றும்போது படத்தைச் சில நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் புதிய கண்ணால் பார்ப்பது பயன் தரும். அப்போது புகைப்படத்தை ஒதுக்கிவிட்டு, இவர் ஒரு மனிதராகத் தெரிகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

வாடிக்கையாளருக்குக் காட்ட, படத்தை ஒருசீரான பகல் வெளிச்சத்தில் நேர்முகமாகப் படமெடுத்து அனுப்பி, திரையில் நிறம் மாறித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரில் காட்ட முடிந்தால் அதுவே மேல். "கண் சரியில்லை" என்று அவர் சொன்னால் குறை கண்ணில்தான் இருக்கிறது என்று பொருளல்ல. பெரும்பாலும் புருவத்தின் உயரமோ கன்னத்தின் அகலமோ காரணமாக இருக்கும். "அவரைவிட வயதானவராகத் தெரிகிறாரா, கடுமையாகத் தெரிகிறாரா, பருமனாகத் தெரிகிறாரா" என்று கேட்டால், எங்கே கைவைக்க வேண்டும் என்பது புலப்படும். வயது கூடித் தெரிந்தால் மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பின் அடர்த்தியைக் குறைப்பதே பெரும்பாலும் போதுமானது.

சட்டமிடுதலும் ஒப்படைத்தலும்

தூளைத் தாளில் ஒட்டி நிறுத்தும் திரவமான ஃபிக்ஸட்டிவைத் தெளித்தால் நிறங்கள், குறிப்பாக வெளிர்நிறங்கள், இருண்டுவிடும். இடை அடுக்குகளில் திறந்த வெளியில் மெல்லியதாகத் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டு, இறுதி அடுக்கை அப்படியே விட்டுவிடுவதே என் வழக்கம். எனவே பாதுகாப்பு முழுவதும் சட்டத்தைச் சார்ந்தது. கண்ணாடி ஒருபோதும் படத்தைத் தொடக் கூடாது. படத்தைச் சுற்றி வைக்கும் அமிலமற்ற மவுண்ட் அட்டையோ மறைவான இடைச்சட்டமோ வைத்து இடைவெளி விட்டு, உதிரும் தூள் விழுவதற்கு மவுண்டின் பின்னே சிறு பள்ளமும் அமைக்கும்படி சட்டம் போடுபவரிடம் சொல்லுங்கள். சாதாரண அக்ரிலிக் தகட்டில் உருவாகும் நிலைமின்சாரம் பாஸ்டல் தூளை இழுத்துக்கொள்ளும் என்பதால் கண்ணாடியே நல்லது.

சட்டமிடாமல் அனுப்ப நேர்ந்தால், படத்தை ஒரு விறைப்பான அட்டையில் மூலைகளால் பொருத்தி, மேலே கிளாசின் என்னும் வழுவழுப்பான மெல்லிய தாளை அசையாதவாறு ஒட்டி, மற்றோர் அட்டையால் மூடி, நான்கு ஓரங்களையும் இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடியோடு அனுப்பினால் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டினால், உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்கா. படத்தோடு ஒரு சிறு தாளில், நேரடி வெயில் படும் சுவரிலும் ஈரச் சுவரிலும் மாட்டக் கூடாது, கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்தே துடைக்க வேண்டும், பின்புறத்தைத் திறக்கக் கூடாது ஆகிய குறிப்புகளை எழுதி வைத்து, மீதித் தொகையைப் பெற்றுக்கொண்டு ஒப்படைக்கலாம். வாடிக்கையாளர் கொடுத்த பழைய அச்சுப்படங்களையும் அதே நாளில் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.